மின்விசிறி வைத்த மூன்றே வாரத்தில் பவளங்கள் சுருங்கிவிட்டன, காரணம் தெரியவில்லை

கடல்விரும்பி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் சென்னை பெரம்பூரில், இரண்டாம் மாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். பத்து ஆண்டுகளாக நன்னீர் மீன்களை வளர்த்த பழக்கத்தில், சென்ற நவம்பரில் முதன்முறையாக ஒரு கடல்நீர்த் தொட்டியை அமைத்தேன். மூன்றடி நீளமுள்ள தொட்டி. கீழே உள்ள சம்ப் தொட்டியையும் சேர்த்து, பாறையும் மணலும் அடைத்துக்கொண்ட இடம் போக, 180 லிட்டர் நீர் நிற்கிறது. பாறைகள் செராமிக்கால் செய்த செயற்கைப் பாறைகள். ஆறு வாரம் மீன் எதுவும் விடாமல் அமோனியாவை மட்டும் சிறிது சிறிதாக ஊற்றிப் பாக்டீரியாவை வளர்த்து, அமோனியாவும் நைட்ரைட்டும் ஒரே நாளில் இல்லாமல் போவதைச் சோதித்துப் பார்த்த பிறகே, ஜனவரியில் ஒரு ஜோடி கோமாளி மீன்களை விட்டேன். பிப்ரவரியில் இரண்டு ஜோவாந்திட் (சிறு பூக்களைப் போல் விரிந்து மூடும், பவளத்துக்கு உறவான உயிர்) கொத்துகள், ஒரு காளான் பவளம், ஒரு தோல் பவளம் ஆகியவற்றைச் சேர்த்தேன்.

ஏப்ரல் தொடக்கம் வரை எல்லாம் நன்றாகவே இருந்தது. வெயில் ஏறி, பிற்பகலில் நீரின் வெப்பம் 31 டிகிரியைத் தொட்டதும் பயந்துபோய், தொட்டியின் மேல்விளிம்பில் இரண்டு சிறிய மின்விசிறிகளைப் பொருத்தினேன். வெப்பம் 28 டிகிரிக்கு இறங்கி அங்கேயே நிற்கிறது. ஆனால் மின்விசிறி வைத்த மூன்று வாரத்தில் ஜோவாந்திட் மொட்டுகள் அனைத்தும் மூடிக்கொண்டன. காளான் பவளம் உள்ளங்கை அகலத்திலிருந்து ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சுருங்கிவிட்டது. தோல் பவளம் தலையைத் தொங்கவிட்டபடி நிற்கிறது. மீன்கள் உணவு எடுக்கின்றன, ஆனால் முன்பைவிட வேகமாகச் செவுள்களை அசைக்கின்றன.

நேற்று எடுத்த அளவுகள் இவை. ஹைட்ரோமீட்டரில் அடர்த்தி 1.025, அமோனியா, நைட்ரைட் இரண்டும் இல்லை, நைட்ரேட் 15, பாஸ்பேட் 0.1, காரத்தன்மை 10 டி.கே.எச்.; கால்சியம் 500; மக்னீசியம் 1520; பி.எச். 8.1. நான் வாங்கும் உப்பின் பெட்டியில், சரியாகக் கலக்கினால் காரத்தன்மை 8.5, கால்சியம் 430, மக்னீசியம் 1300 இருக்கும் என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் 20 லிட்டர் நீரை மாற்றுகிறேன். ஆவியாகிக் குறைந்த நீரையும் அப்போதே கோடு வரை நிரப்பிவிடுகிறேன். தனியாகக் கால்சியமோ வேறு மருந்தோ இதுவரை ஊற்றியதில்லை.

கடைக்காரர் இரண்டு புட்டி மருந்து வாங்கச் சொல்கிறார். நண்பர் ஒருவர், செயற்கைப் பாறையில் உயிர் இல்லை என்றும், இராமேசுவரம் பக்கம் போகும்போது உண்மையான பவளக்கல் நான்கைந்து எடுத்துவந்து போட்டால் தொட்டி தானாகத் தேறிவிடும் என்றும் சொல்கிறார். எதைச் செய்வது என்று தெரியாமல் தவிக்கிறேன். வழிகாட்டுங்கள்.

உவர்நீர்:

நண்பரே, முதலில் எதையும் வாங்க வேண்டாம், எதையும் ஊற்றவும் வேண்டாம். நீங்கள் தந்திருக்கும் எண்களிலேயே விடை இருப்பதாக நினைக்கிறேன்.

உப்புப் பெட்டியில் கால்சியம் 430 என்று போட்டிருக்கிறது, உங்கள் தொட்டியில் 500 இருக்கிறது. மக்னீசியம் 1300-க்குப் பதில் 1520, காரத்தன்மை 8.5-க்குப் பதில் 10. மூன்றையும் வகுத்துப் பாருங்கள். மூன்றும் ஏறத்தாழ 1.17 மடங்கு கூடியிருக்கின்றன. ஏதாவது ஒன்று மட்டும் கூடியிருந்தால் வேறு காரணம் தேடலாம். எந்த மருந்தும் ஊற்றாத தொட்டியில் மூன்றும் ஒரே விகிதத்தில் கூடியிருந்தால், நீரில் மொத்த உப்பே அந்த விகிதத்தில் கூடிவிட்டது என்றுதான் பொருள். 35 பி.பி.டி. (ஆயிரம் பங்கு நீரில் 35 பங்கு உப்பு) இருக்க வேண்டிய உவர்மை 41-ஐ ஒட்டி இருக்க வேண்டும். அதன் அடர்த்தி 1.031. உங்கள் ஹைட்ரோமீட்டர் 1.025 காட்டுகிறது என்றால் ஹைட்ரோமீட்டர்தான் தவறு. முள் ஆடும் பிளாஸ்டிக் வகையாக இருந்தால், ஒவ்வொரு முறையும் நல்ல நீரில் கழுவாமல் வைக்கும்போது முள்ளின் மேல் உப்புப் படிந்து அது கனத்துவிடும்; கனத்த முள் மேலே எழாது, அளவைக் குறைத்தே காட்டும்.

இரண்டு கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை கோடு வரை நிரப்புகிறீர்களே, அந்த நீர் உப்புக் கலந்ததா, கலக்காததா? மின்விசிறி வைத்த பிறகு வாரத்துக்கு எத்தனை லிட்டர் குறைகிறது?

கடல்விரும்பி:

ஐயா, உடனே பதில் தந்ததற்கு நன்றி. ஹைட்ரோமீட்டர் நீங்கள் சொல்லும் முள் வகைதான். இப்போது எடுத்துப் பார்த்தேன், முள்ளின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. முன்பெல்லாம் வாரத்துக்கு மூன்று நான்கு லிட்டர்தான் குறையும். மின்விசிறி வைத்த பிறகு நாளுக்கு 2 லிட்டர் வீதம் வாரத்துக்கு 14 லிட்டர் குறைகிறது. சனிக்கிழமை பார்த்தால் சம்பில் நான்கு விரல் உயரம் இறங்கியிருக்கும். ஞாயிறு அன்று 20 லிட்டரை எடுத்துவிட்டு, 34 லிட்டர் உப்பு நீர் கலக்கி ஊற்றுகிறேன். கடல் தொட்டிக்கு ஊற்றும் நீர் எல்லாமே உப்பு நீராகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துவிட்டேன்.

உவர்நீர்:

இதுதான் காரணம். மனம் வருந்தாதீர்கள், நன்னீர்த் தொட்டியிலிருந்து கடல்நீருக்கு வருகிறவர்களில் பலர் இந்தப் படியில் கால் இடறியிருக்கிறார்கள். ஆவியாகும்போது நீர் மட்டுமே போகிறது, உப்பு ஒரு கிராம்கூடப் போவதில்லை. ஆகவே ஆவியானதை ஈடுகட்ட ஊற்றும் நீரில் உப்பே இருக்கக் கூடாது. மாற்றுவதற்காக எடுத்த 20 லிட்டருக்கு ஈடான 20 லிட்டர் மட்டுமே உப்பு நீராக இருக்க வேண்டும்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்த்தேன். 180 லிட்டரில், லிட்டருக்கு 35 கிராம் வீதம், 6,300 கிராம் உப்பு இருந்தது. வாரக் கடைசியில் 166 லிட்டராகச் சுண்டிய நீரிலிருந்து 20 லிட்டரை எடுத்தபோது சுமார் 760 கிராம் உப்பு வெளியேறியது. 34 லிட்டர் ஊற்றியபோது 1,190 கிராம் உள்ளே போனது. முதல் வாரத்திலேயே 430 கிராம் மிகுந்துவிட்டது. இப்படி மூன்று ஞாயிறு கழிந்தால் உவர்மை 41-ஐத் தாண்டும், அதாவது கால்சியத்தை வைத்துச் சொன்ன எண்ணேதான். அதோடு, ஞாயிறு மாலை 41 இருப்பது அடுத்த சனிக்கிழமை 44 அல்லது 45 வரை ஏறி, மறுநாள் திடீரென்று இறங்குகிறது. பவளத்தின் உடலிலுள்ள நீர் சுற்றியுள்ள நீரின் உவர்மையோடு ஒத்துப்போகிறது. வெளியே உப்புக் கூடினால் திசுக்களிலிருந்து நீர் வெளியேறும். நாணயம் அளவுக்குச் சுருங்கிய உங்கள் காளான் பவளம் அதைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறது. மீனுக்கும் துன்பம் உண்டு, ஏனென்றால் உப்பும் வெப்பமும் கூடக் கூட நீர் தாங்கும் ஆக்சிஜன் குறையும். செவுள் வேகமாக அசைவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இப்போது செய்ய வேண்டியது இது. ஒளி வளைவதைக் கொண்டு உவர்மையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்றும், அதைச் சரிபார்க்க 35 பி.பி.டி. நியமக் கரைசலும் வாங்குங்கள். வெறும் ஆர்.ஓ. நீரை விட்டுச் சுழியத்தில் நிறுத்துவது போதாது. சுழியத்தில் சரியாக நிற்கும் கருவி 35-இல் இரண்டு பி.பி.டி. பிசகுவதை நானே பார்த்திருக்கிறேன். அளந்து 41 என்று உறுதியானால், அன்றன்று ஆவியானதை உப்பில்லாத நீரால் நிரப்புவதோடு, நாளுக்கு 4 லிட்டர் தொட்டி நீரை எடுத்துவிட்டு 4 லிட்டர் உப்பில்லாத நீரை, சம்பில் மெல்லிய குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 0.9 பி.பி.டி. வீதம் இறங்கி, ஏழு நாளில் 35-க்கு வந்துவிடும். ஒரே நாளில் இறக்கிவிடலாம் என்ற ஆசை வரும், வேண்டாம். மூன்று வாரத்தில் ஏறியதற்குப் பாதி பழகியிருக்கும் உயிர்களை ஒரே இரவில் இழுத்துப் பிடித்தால் அதுவே இரண்டாவது அடியாகிவிடும். அந்த ஏழு நாளும் ஞாயிற்றுக்கிழமை நீர்மாற்றத்தையும், பவளங்களை இடம் மாற்றுவதையும் நிறுத்திவையுங்கள்.

சிங்கை மணி:

உவர்நீர் ஐயா காரணத்தைச் சரியாகப் பிடித்துவிட்டார். மின்விசிறியைப் பற்றி மட்டும் நான் சிறிது சேர்க்கிறேன், ஏனென்றால் சிங்கப்பூரில் எங்களுக்கு ஆண்டு முழுவதும் சென்னைக் கோடைதான். மின்விசிறி, சில்லர் (தொட்டி நீரைக் குளிர்விக்கும் இயந்திரம்), அறைக் குளிர்சாதனம் மூன்றையும் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

கடல்விரும்பி அவர்களே, நீர் ஆவியாவதைக் கண்டு மின்விசிறியை எடுத்துவிடாதீர்கள். அந்த ஆவியாதல்தான் குளிர்ச்சியைத் தருகிறது. நாளுக்கு 2 லிட்டர் ஆவியானால், இரவும் பகலும் 55 வாட் வெப்பத்தை இடைவிடாமல் வெளியே இறைத்தது போல. உங்கள் மோட்டார்கள் நீருக்குள் விடும் வெப்பத்தை அது ஈடுகட்டிவிடும். ஆனால் காற்றில் ஈரப்பதம் கூடும் நாட்களில், குறிப்பாகக் கடல்காற்று வீசும் மாலைகளில், விசிறியால் இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் இறக்க முடியாது. 28 டிகிரியில் நின்றால் உங்களிடமுள்ள உயிர்களுக்குப் பாதகமில்லை. 26-க்கு இறக்க ஆசைப்பட்டுச் சில்லர் வாங்கினால், அது தொட்டியிலிருந்து எடுத்த வெப்பத்தையும் தன் வெப்பத்தையும் சேர்த்து அதே அறைக்குள் ஊதும் என்பதை முதலிலேயே கணக்கில் வையுங்கள். காற்றோட்டமில்லாத அறையில் வைத்தால் அது ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

தினமும் இரண்டு லிட்டரைக் கையால் ஊற்றுவது நெடுநாள் நடக்காது, ஊருக்குப் போகும் நாளில் தவறிவிடும். ஆர்.ஓ. இயந்திரத்தின் தொட்டியில் இருப்பது போன்ற சிறிய மிதவை வால்வு ஒன்றைச் சம்பின் கடைசி அறையில், மோட்டார் இருக்கும் இடத்தில் பொருத்தி, சற்று உயரமான முக்காலியில் 15 லிட்டர் கேன் ஒன்றை வைத்துக் குழாயால் இணைத்துவிடுங்கள். கேனை அதைவிடப் பெரிதாக வாங்க வேண்டாம். வால்வில் அழுக்கு சிக்கித் திறந்தபடியே நின்றுவிட்டால், உள்ளே விழுவது அந்தக் கேனில் உள்ள நீர் மட்டுமாக இருக்க வேண்டும். 15 லிட்டர் விழுந்தால் உவர்மை மூன்று பி.பி.டி.க்கும் சற்றுக் குறைவாக இறங்கும், அதை உயிர்கள் தாங்கும். 60 லிட்டர் விழுந்தால் தாங்காது.

நைட்ரேட் 15, பாஸ்பேட் 0.1 என்று பார்த்துவிட்டு அவற்றைச் சுழியத்துக்கு இறக்கவும் முயலாதீர்கள். தோல் பவளத்துக்கும் ஜோவாந்திட்டுக்கும் அது பொருத்தமான நீர்தான். இரண்டையும் முழுவதும் வற்றவைத்த தொட்டியில் டைனோஃபிளாஜெல்லேட் என்ற பழுப்புச் சளி படர்ந்து, அதைப் போக்க நான் ஐந்து மாதம் பாடுபட்டேன்.

பரங்கிப்பேட்டை மாணவி:

நான் கடல் உயிரியல் படிக்கிறேன். நண்பர் சொன்ன இராமேசுவரம் பவளக்கல்லைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம்.

கல் பவளங்கள் அனைத்தும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதல் இருக்கின்றன. கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி, கடற்குதிரை ஆகியவையும் அப்படியே. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே அட்டவணை. உயிருள்ளதை எடுத்தாலும், கரையில் ஒதுங்கிய எலும்புக்கூட்டை எடுத்தாலும் குற்றம் குற்றம்தான். கடைகளில் உயிர்ப்பாறை என்ற பெயரில் விற்கப்படுவதில் பெரும்பகுதி பவள எலும்புக்கூடு என்பதால், நீங்கள் செராமிக் பாறையில் தொடங்கியது மிகச் சரியான முடிவு. அதில் உயிர் இல்லை என்பதும் உண்மையில்லை. நவம்பரிலிருந்து அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றிக்கொண்டிருக்கும் பாக்டீரியாக்கள் அந்தப் பாறையின் நுண்துளைகளில்தான் குடியிருக்கின்றன. உங்கள் அமோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்தில் நிற்பதே அதற்குச் சான்று.

சட்டத்தைவிட எனக்கு வலிப்பது வேறொன்று. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டபோது அதில் 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் பல்லாண்டுகள் பவளக்கல்லை வெட்டி எடுத்ததில் அலையைத் தடுத்துநின்ற அரண் போய், பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. எஞ்சிய பவளங்களும் 2010, 2016 போன்ற ஆண்டுகளின் வெப்பத்தில் வெளுத்துப் பாதிக்கப்பட்டன. பாறைபோல் திரண்டு வளரும் பவளங்கள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளர்கின்றன. கை அகலக் கல் ஒன்று உருவாக எத்தனை ஆண்டு ஆகியிருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

கோமாளி மீன்களைப் பண்ணையில் பொரித்தவையா என்று கேட்டு வாங்குங்கள். எங்கள் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்திலும், மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலும் அவற்றை இனப்பெருக்கம் செய்யும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். பண்ணையில் பிறந்தவை தொட்டி உணவுக்குப் பழகியவை. கடலிலிருந்து பிடித்து வருபவற்றைவிட நன்றாகத் தேறும்.

இன்னொரு எச்சரிக்கை. ஜோவாந்திட் வகைகளில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. அவற்றைக் கையாளும்போது கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். அவை ஒட்டியிருக்கும் பாறையைச் சுத்தம் செய்ய ஒருபோதும் வெந்நீரில் கொதிக்கவைக்காதீர்கள், ஏனென்றால் அந்த ஆவியைச் சுவாசித்து மருத்துவமனைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

நீலாம்பல்:

உப்பில்லாத நீர் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அந்த நீர் எது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் பட்டது அதில்தான். வீட்டில் குடிப்பதற்கு வைத்திருக்கும் ஆர்.ஓ. இயந்திரத்து நீரை நேராக ஊற்றிவிடாதீர்கள். குடிநீர்ச் சுவைக்காக வடிகட்டாத நீரில் ஒரு பங்கைத் திரும்பக் கலக்கும் திருகு ஒன்று பல இயந்திரங்களில் உள்ளே இருக்கிறது. நீரில் கரைந்துள்ள பொருள்களை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்த்தால் 60, 80 என்று காட்டும். அந்தத் திருகை முழுவதும் மூடி, வெளிவரும் நீரை எஞ்சிய உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் ஒரு டி.ஐ. ரெசின் குடுவை வழியாக விட்டால் சுழியம் கிடைக்கும். நாளுக்கு 2 லிட்டர் ஊற்றுகிறீர்கள், ஆண்டுக்கு 700 லிட்டருக்கு மேல். நீர் ஆவியாகும், அதிலுள்ள சிலிக்கேட்டும் பாஸ்பேட்டும் ஆவியாகாமல் தொட்டியிலேயே தங்கும். என் மணல் ஓராண்டாகப் பழுப்பாகவே இருந்ததற்குக் காரணம் அந்தத் திருகுதான்.

மே மாதம் வரப்போகிறது என்பதால் மின்தடைக்கும் இப்போதே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மின்சாரம் நின்றால் முதலில் தீர்வது ஆக்சிஜன்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. தொட்டிக்குள் நீரோட்டம் தரும் வேவ்மேக்கர் ஒன்றை மட்டும் வீட்டு இன்வெர்ட்டரில் இணைத்திருந்தேன். பத்து வாட்தான் இழுக்கும் என்பதால் முதல் இரவு முழுவதும் ஓடியது. இன்வெர்ட்டரும் நின்ற பிறகு, மீன்பிடிப்பவர்கள் வைத்திருக்கும் பேட்டரிக் காற்றுப் பம்பு ஒன்று உதவியது. அதற்கிடையே அரைமணிக்கு ஒருமுறை சொம்பால் நீரை மொண்டு, ஒரு முழம் உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு நாளும் உணவு போடவில்லை. ஒரு மீனும் சாகவில்லை. கோடையில் மின்தடை வந்தால் வெப்பமும் சேர்ந்து ஏறும். உறைந்த நீர்ப் புட்டி ஒன்றை மிதக்கவிட்டு, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

கடல்விரும்பி:

பத்து நாள் கழித்து வருகிறேன். அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி.

ரிஃப்ராக்டோமீட்டரை நியமக் கரைசலில் சரிபார்த்துவிட்டு, தொட்டி நீரைக் கோடு வரை நிரப்பிய பிறகு அளந்தேன். 41. கண்ணாடிக்குள் நீலமும் வெள்ளையும் பிரியும் கோடு அந்த எண்ணில் நின்றதைப் பார்த்தபோது, மூன்று வாரமாக அவற்றை என்ன பாடுபடுத்தியிருக்கிறேன் என்று நினைத்து உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து நாளுக்கு 4 லிட்டர் வீதம் எடுத்து, இரவில் சொட்டுக் குழாயில் விட்டேன். எட்டாம் நாள் 35 வந்துவிட்டது. நேற்று மறுபடி சோதித்ததில் கால்சியம் 425, மக்னீசியம் 1310, காரத்தன்மை 8.4. எந்தப் புட்டியும் வாங்கவில்லை.

நான்காம் நாளே மீன்களின் செவுள் அசைவு தணிந்தது. ஆறாம் நாள் மாலை, விளக்கு மங்கத் தொடங்கும் நேரத்தில், ஜோவாந்திட் கொத்தின் ஓரத்தில் மூன்று மொட்டுகள் மட்டும் பாதி விரிந்து, பச்சை விளிம்பு தெரிந்தது. இன்று இருபதுக்கு மேல் எண்ணினேன். காளான் பவளம் பழைய அகலத்தில் பாதியை எட்டியிருக்கிறது. தோல் பவளம் மட்டும் இன்னும் தலை நிமிரவில்லை. அதன் மேல் மெழுகு பூசியது போல் ஒரு படலம் இருக்கிறது. அதைத் துடைத்துவிடலாமா?

குடிநீர் இயந்திரத்தைத் திறந்து பார்த்தேன். நீலாம்பல் அக்கா சொன்ன திருகு இருந்தது, பாதி திறந்தபடி. நண்பரிடமும் பேசினேன், விலாங்குசல்லியைப் பற்றி அவருக்குத் தெரியாது, கேட்டதும் அமைதியாகிவிட்டார்.

உவர்நீர்:

துடைக்க வேண்டாம். தோல் பவளம் மேல்தோலை உரித்துக்கொள்கிறது. அது அதன் வழக்கம்தான், ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் வரை ஆகும். வேவ்மேக்கரை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சற்றே திருப்பி, நீரோட்டம் அதன் தலையைத் தடவிச் செல்லும்படி வையுங்கள். படலம் தானாகக் கழன்று விழும். கழன்றதைச் சிறு வலையால் எடுத்துவிடுங்கள். மிதவை வால்வு பொருத்திவிட்டீர்களா என்று எழுதவில்லையே?

கடல்விரும்பி:

பொருத்திவிட்டேன், ஐயா. 15 லிட்டர் கேன்தான்.